மூளைத்தண்டு வாதமும் மூச்சும்



வாதம் என்றால் ஒரு பக்கத்துக் கையும் காலும் விழுந்துபோவது என்றே நம்மில் பலர் அறிவோம். மூளைத்தண்டைத் தாக்கும் வாதமோ வேறு விதமாகவும் தொடங்கும். திடீரெனத் தலை சுற்றும், பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். சம்சு அருந்தியிருப்பார் என்றெண்ணி, அவரை உறங்க விட்டுவிடுவோரும் உளர். அது பேராபத்து.

மூளைத்தண்டின் அடிப்பகுதிக்கு முகுளம் என்று பெயர். நாம் நினையாமலே மூச்சை இயக்குவது அதுவே. விழுங்குதலையும் இருமலையும் ஆளும் நரம்பு மையங்களும் அங்கேயே அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஆகவே, எச்சிலை விழுங்க இயலாமை, இருமல் வலுவிழத்தல், குரல் கம்முதல் ஆகியவை மூச்சுக்கும் கேடு நேரலாம் என்பதற்கு முன்னறிவிப்பாகும். மருத்துவர்கள் இவற்றை ஊன்றி நோக்குவர். விழித்திருக்கையில் சீராக மூச்சு விடுபவருக்கு உறக்கத்தில் அது நின்றுபோவதும் உண்டு. அதனாலேயே இரவிலும் கண்காணிப்பு வேண்டியிருக்கிறது.

வயது வந்தவர் ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். அது குறையட்டும், இடையிடையே நிற்கட்டும் என்று காத்திராதீர்கள். மேற்சொன்ன அறிகுறிகளைக் கண்டவுடனே 999ஐ அழையுங்கள். காப்பியோ தண்ணீரோ புகட்டவேண்டாம். அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மயக்கமுற்றால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்தவேண்டும். ஆதலால், நோய் கண்ட நேரத்தைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுங்கள்.