பாம்பு கடிச்சா காத்திருக்க வேண்டாம்
(கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



களை எடுக்கிறதும் விறகு பொறுக்கிறதும் பெரும்பாலும் நாமதான். அதனால பாம்புக்கடி பற்றி நாம் தெரிஞ்சு வைக்கணும்.

கடிபட்டவரை நடக்க விடாதீங்க. தைரியம் சொல்லிப் படுக்க வையுங்க. 108-க்கு போன் பண்ணுங்க. மெட்டி, கொலுசு, வளையலைக் கழற்றுங்க. மெட்டியைக் கழற்றலாமான்னு தயங்க வேண்டாம். வீங்கினா இறுகி விரலே போயிடும். கடிபட்ட கை, காலில் குச்சி வைத்து, ஆடாதபடி துணியால் தளர்வாகக் கட்டுங்க. கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கீறவோ, உறிஞ்சவோ கூடாது. பாம்பைத் தேடி அலையவும் வேண்டாம்.

ஆம்புலன்ஸ் தாமதமானால், பைக்கில் இருவருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போங்க.

கட்டுவிரியன் ராத்திரி தூங்கும்போது கடிக்கும். வலி தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி வந்து, கண் இமை தானாகச் சொருகினால் உடனே கிளம்புங்க.

மந்திரிப்பும் பச்சிலையும் விஷத்தை முறிக்காது. விஷமுறிவு ஊசிதான் முறிக்கும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். "காசில்லையே, வீட்டுக்காரர் வரட்டுமே" என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு உறுப்பினரே துணைக்குப் போகணும். அவசரத்துக்கு யார் வண்டி வரும் என்று இந்த வாரக் குழுக் கூட்டத்திலேயே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிடுவோம்.