மென்பொருட் பணியாளர்: விருப்பும் வெறுப்பும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சந்தாபுராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கு ஒரு பிள்ளையையேனும் அனுப்பாத வீடு அரிது. ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் நாம் இங்கே வந்து குடியேறியதும் பெரும்பாலும் அதன் பொருட்டே. அப்பிள்ளைகள் தம் வேலையில் எதை விரும்புகின்றனர், எதை வெறுக்கின்றனர் என்பதையே இன்று பேசப் புகுந்தோம்.

கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978-ஆம் ஆண்டில், ஆர்.கே. பாலிகா என்பாரின் முயற்சியால், கோனப்பன அக்கிரகாரம், தொட்டதோகூர் என்னும் சிற்றூர்களில் 332 ஏக்கர் நிலத்தில் அந்நகருக்கு அடிகோலிற்று. அன்று வயல், இன்று கண்ணாடி மாளிகைகள்.

முதலில் விருப்பு. சம்பளம் என்றே யாரும் விடை சொல்வர். அது மெய்தான். ஆனால் பிள்ளைகளை அருகிருத்திக் கேட்டால் வேறொன்றும் சொல்கின்றனர்: "மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம்." இது சிறிய செய்தியன்று. பண்ணையார் வீட்டுத் திண்ணையில் ஏறாது, மேல்துண்டை இடுப்பிற் கட்டித் தரையில் நின்று பேசிய பாட்டனாரின் பேத்தி, சிபாரிசுக் கடிதம் ஏதுமின்றித் தேர்வெழுதி உள்ளே சென்று, மேலாளருக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்து, "இக்கணக்கு பிழை" என்று உரைக்கிறாள். சாதி அவ்வாயிலோடு நின்றுவிட்டது என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் அந்த நாற்காலி மெய். புதியன கற்கும் வாய்ப்பும், பன்மொழி நண்பர்களும், 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் மகப்பேற்றுக்குக் கிடைக்கும் 26 வார விடுப்பும் விருப்பின் பக்கம் சேர்பவை.

இனி வெறுப்பு. "குளிர்பதன அறையில் உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு என்ன குறை?" என்று சிலர் கேட்பதுண்டு. அவன் வெறுப்பது வேலையை அன்று. தன் பொழுது தன் கையில் இல்லாமையை.

நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 7.30. அவர்கள் நாளைத் தொடங்கும்போது நம் பிள்ளை தன் நாளை முடித்திருக்க வேண்டும், முடிப்பதில்லை. வீட்டில் சோறு ஆறுகிறது, அறைக்கதவு சாத்தியிருக்கிறது. இதற்கிடையே, இளைஞர் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்று இன்போசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் கூறினார். மறு ஆண்டு ஜூலையில், நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்க இடந்தரும் முன்மொழிவு ஒன்று கர்நாடகத்தில் எழுந்தது. ஊழியர் சங்கங்கள் வெகுண்டெழுந்து எதிர்த்தன.

சாலையைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டுமா! 2010-இல் சில்க் போர்டிலிருந்து மேம்பாலச் சாலை வந்தது. 2025 ஆகஸ்டு 10-ஆம் நாள் மெட்ரோ மஞ்சள் தடம் திறக்கப்பட்டது. அதுவும் ஆர்.வி. சாலையில் புறப்பட்டு 19 கிலோமீட்டர் ஓடி, நம் ஊருக்குச் சற்று முன்னே பொம்மசந்திராவில் நின்றுவிட்டது.

மதிப்பீடு என்றொரு சடங்கு உண்டு. பல நிறுவனங்களில், குழுவில் பத்துப் பேரும் நன்றாக உழைத்தாலும் ஒருவரையேனும் கீழ்த்தட்டில் வைத்தாக வேண்டும் என்பது வழக்கம். வைக்கப்படுபவன் யார்? பெரும்பாலும் வாய் திறந்து பேசாதவன். "பெஞ்ச்" என்பது மற்றொன்று: ஒரு திட்டம் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை காத்திருக்கும் காலம். சம்பளம் வரும், உறக்கம் வராது. விலகலாம் என்றாலோ 90 நாள் முன்னறிவிப்பு. புதிய இடத்தார் 30 நாளில் வா என்பர். பழைய இடத்தார் விடார்.

புதிதாய்ச் சேரும் பட்டதாரிக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் ஆண்டுச் சம்பளம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேல். இன்றும் பெரும்பாலோர்க்கு மூன்றரை இலட்சத்தையொட்டியே நிற்கிறது. வாடகை நின்றதா? நிலையான வேலை என்னும் நம்பிக்கையும் ஆட்டங்கண்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது.

சட்டம் என்ன செய்தது? பணி நேரம், விடுப்பு, வேலைநீக்கம் ஆகியவற்றின் நிபந்தனைகளை எழுதி ஒப்புதல் பெற வேண்டுமென்றது 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டம். கர்நாடக அரசோ தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்களித்து வந்தது. 2024-இல் அதனை மேலும் ஐந்தாண்டு நீட்டித்தது. குறைதீர் குழு அமைக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கைகளைத் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பவை அவ்விலக்கின் நிபந்தனைகள். அப்படியொரு குழு இருப்பதையே அறியாத பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். 2025 நவம்பரில் அப்பழைய சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது.

தாய்மார்களுக்கு ஒரு சொல். வேலையை மாற்றிக்கொள்ளப் போகிறேன், சம்பளம் சற்றுக் குறையும், மாலையில் வீட்டிலிருப்பேன் என்று மகன் சொன்னால், வீட்டுக்கடன் தவணையை உடனே எடுத்துக் காட்டாதீர்கள். தவணைச் சீட்டையும் அவன் பணி நியமனக் கடிதத்தையும் ஒருங்கே வைத்து, இருவரும் அமர்ந்து கணக்குப் பாருங்கள். கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் எவ்வளவு, அதற்கு ஈடாகப் பணம் கட்டி விலக வழியுண்டா என்று தேடுங்கள். விளங்காவிடின் ஞாயிறு மாலை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நம் உறுப்பினரான வழக்கறிஞர் அன்பர் படித்துச் சொல்ல இசைந்துள்ளார்.