கட்டளைகளை வகுத்தலும் நிரைப்படுத்தலும்



கணினிக்கு நாம் எழுதும் நிரல் மனிதர் வாசிக்கத்தக்க மொழியில் அமைவது. அதனைச் செயலி ஏற்கும் சிறுசிறு கட்டளைகளாகப் பெயர்த்துத் தருவது தொகுப்பி என்னும் மென்பொருள். பெயர்த்து முடித்த பின்னரும் அதற்கு ஒரு கடமை எஞ்சியிருக்கின்றது. பொருள் மாறாமல் அக்கட்டளைகளை எந்த வரிசையில் நிறுத்தினால் செயலி வீணே காத்திராது என்பதைத் தீர்மானிப்பதே அக்கடமை.

பாடசாலையில் நேரசூசி வகுப்போருக்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். அவர்கள் பாடத்தின் பெயரை மாத்திரம் நோக்குவதில்லை. அதற்கு ஆய்வுகூடம் வேண்டுமா, எத்தனை பாடவேளை வேண்டும் என்பவற்றையே முதலில் நோக்குவர். தொகுப்பியும் ஒவ்வொரு கட்டளையைக் குறித்தும் இரண்டு வினாக்களை எழுப்புகின்றது. இது செயலியின் எந்த உறுப்பைப் பிடித்துக்கொள்ளும்? இதன் விடை எத்தனை கடிகாரத் துடிப்புகளின் பின் கிடைக்கும்? இவ்விரண்டிலும் ஒத்த கட்டளைகள் ஒரே வகுப்பில் அடங்கும். கூட்டலும் கழித்தலும் நமக்கு எதிரெதிரான செயல்கள். செயலிக்கோ அவை பெரும்பாலும் ஒரே இனம்.

1964 ஆம் ஆண்டில் வெளிவந்த, சீமோர் கிறே வடிவமைத்த சி.டி.சி. 6600 கணினியை உதாரணமாகக் கொள்வோம். அதில் தனித்தனியே இயங்கும் உறுப்புகள் 10 இருந்தன. மிதவைப் புள்ளி எண்களைக் கூட்டுவதற்கு 4 துடிப்புகளும், பெருக்குவதற்கு 10 துடிப்புகளும், வகுப்பதற்கு 29 துடிப்புகளும் சென்றன. பெருக்கும் உறுப்புகள் இரண்டு; வகுக்கும் உறுப்போ ஒன்றுதான். ஆகவே வகுத்தலை முற்படத் தொடக்கிவிட்டு, அதன் விடையை வேண்டாத வேறு கட்டளைகளை இடையில் நிறுத்தினால், காத்திருக்கும் நேரம் வேலை நேரமாக மாறிவிடும்.

அக்கணினியில் வரிசை பிழைத்தால் தாமதமே நேரும், விடை பிழைப்பதில்லை. முந்திய விடை வரும்வரை அதனை வேண்டிய கட்டளையைத் தடுத்துவைக்கும் காவல் பொறியிலேயே இருந்தது. 1981 ஆம் ஆண்டில் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹெனசி குழுவினர் தொடங்கிய மிப்ஸ் திட்டம் வேறு வழியிற் சென்றது. பொறியை எளிதாக்கும் பொருட்டு அக்காவலை நீக்கி, பொறுப்பை மென்பொருளின்மேற் சுமத்தினர். நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை வரவழைக்கும் கட்டளைக்கு அடுத்ததாகவே அவ்வெண்ணைப் பயன்படுத்தும் கட்டளை நின்றால், புதிய எண் வந்து சேருமுன் பழைய எண்ணே எடுக்கப்பட்டுவிடும். இடையில் வேறு வேலை இல்லையெனில், ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளையொன்றையாவது வைத்தல் வேண்டும். இங்கே வகுப்பைத் தவறாகக் குறித்தால் கணினி நின்று எச்சரிப்பதில்லை. பிழையான விடையை மெய்யான விடைபோலத் தந்துவிட்டு மேலே செல்லும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே கட்டளை ஒரு செயலியில் விரைவாகவும் மற்றொன்றில் மெதுவாகவும் முடியலாம். இதனால், ஜி.சி.சி. போன்ற தொகுப்பிகளில் செயலிதோறும் தனித்தனி விவரணம் எழுதப்படுகின்றது. எவ்வகைக் கட்டளை எவ்வுறுப்பை எவ்வளவு நேரம் கொள்ளும் என்பது அதில் அடங்கியிருக்கும்.

ஆயின், எத்துணை நுணுக்கமாக வகுத்தாலும் முற்கூட்டி அறிய இயலாத ஒன்று எஞ்சும். நினைவகத்திலிருந்து வரவேண்டிய எண் அருகிலுள்ள சிறு நினைவகத்தில் இருந்தால் சில துடிப்புகளில் வந்துவிடும்; தொலைவில் இருந்தால் நூற்றுக்கணக்கான துடிப்புகள் செல்லலாம். 2001 இல் வெளிவந்த இட்டேனியம் செயலி, கட்டளைகளை வகை பிரித்து மும்மூன்றாகக் கட்டி, நிரைப்படுத்தும் பாரத்தைப் பெரிதும் தொகுப்பியிடமே விட்டது. அது பரவலாக நிலைபெறாது, 2021 இல் அதன் விநியோகம் முடிவுற்றது. அதற்குக் காரணங்கள் பல. இந்நிச்சயமின்மையும் அவற்றுள் ஒன்று.

எனவே நேயர்களே, வகுப்பு என்பது வெறும் பெயர்ப்பட்டியல் அன்று. பின்னர் செய்யப்போகும் ஒரு தீர்மானத்துக்கு உதவுவதே நல்ல வகுப்பு. முன்னறியத்தக்கதைத் தொகுப்பி ஒழுங்குசெய்ய, அறியவியலாததை இயங்கும் வேளையில் பொறியே கவனித்துக்கொள்வது இன்றைய செயலிகள் பலவற்றில் காணும் வேலைப்பங்கீடு.