நேமும் துஸ்காவும்



புதுச்சேரியில் சில கத்தோலிக்கக் குடும்பங்களில் விசேஷ நாள்களில் ‘நேம்’ என்றொரு பலகாரம் செய்வார்கள். கொத்திய இறைச்சி, கேரட், கண்ணாடிச் சேமியா இவற்றை அரிசித்தாளில் சுருட்டி எண்ணெயில் பொரிப்பது. இது வியட்நாம் நாட்டுப் பலகாரம். தமிழ் வீட்டு அடுப்புக்கு அது எப்படி வந்தது?

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர் பலர் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். எழுத்தராக, காவலராக, வரி வசூலிப்பவராக, படைவீரராக வேலை பார்த்தார்கள். அங்கேயே வியட்நாமியப் பெண்களை மணந்தவர்களும் உண்டு. 1954-இல் பிரெஞ்சுக்காரர் அந்நாட்டை விட்டபோதும், 1975-இல் சைகோன் வீழ்ந்தபோதும் பல குடும்பங்கள் திரும்பி வந்தன. ஒரு வார்த்தை தமிழ் தெரியாமல் மாமியார் வீட்டு அடுப்படியில் நின்ற அந்த மருமகள்களை நினைத்துப் பார்ப்போம். பேச மொழி இல்லை. சமைக்கக் கை இருந்தது.

திருச்சபையின் உறவோ இன்னும் பழையது. 1770-இல் பாரிஸ் வேதபோதக சபையின் பிஞ்ஞோ என்ற குரு, கலவரத்துக்குத் தப்பித் தம் மாணவர்களோடு புதுச்சேரிக்கு வந்தார். வீராம்பட்டினத்தில் குருமடம் மீண்டும் நடந்தது. 1774-இல் அவர் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டதும் நம் மயிலாப்பூர் சாந்தோமில்தான். அகதியாக வந்தவர்களுக்குத் தமிழ்க் கடற்கரை இடம் கொடுத்திருக்கிறது. அதே சபையின் குருக்கள்தான் பிற்காலத்தில் நம் சேலம், மைசூர்ப் பகுதிகளிலும் பணி செய்தார்கள்.

உரோமையில் படித்த நாள்களில் எங்கள் மாடியிலேயே வியட்நாம் குருமாணவர்கள் இருந்தார்கள். சனிக்கிழமை மாலை அவர்கள் சமையல். தேங்காய்ப்பாலில் கோழி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, எலுமிச்சைப்புல் போட்டுக் காய்ச்சி ரொட்டியோடு வைப்பார்கள். பெயர் கேட்டால் ‘கா ரி’ என்பார்கள். நம் கறிதான்! அவர்களிடம் கற்ற நேமை இப்போது பங்கு இல்லத்திலும் செய்கிறோம். அரிசித்தாளைத் தண்ணீரில் ஒரு முறை நனைத்து உடனே எடுத்துவிட வேண்டும்; ஊறினால் கிழியும். மிதமான சூட்டில் பொறுமையாகப் பொரிக்க வேண்டும். தொட்டுக்கொள்ள மீன் சாறு, எலுமிச்சை, சர்க்கரை, பூண்டு, மிளகாய். புதினா, கொத்தமல்லிக்கு நம் தேன்கனிக்கோட்டைச் சந்தையில் பஞ்சமில்லை. அந்த மீன் சாற்றின் வாடை மட்டும் தெருமுனை வரை போகும். கருவாடு பழகிய மூக்குக்கு அது ஒன்றும் புதிதல்ல.

வாடை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். ஓசூர்ப் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்த இளம்பெண்கள் நம் கோவிலில் கடைசி வரிசையில் அமர்கிறார்கள். அவர்களில் நான்கு பேரை ஒரு வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். வாடகை பாக்கியில்லை. கடுகெண்ணெய் வாடை பிடிக்கவில்லையாம். வீட்டுக்காரரும் நம் பங்கைச் சேர்ந்தவர்தான், பெயர் வேண்டாம்.

பாஸ்கா காலத்தில் யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தை வாசிக்கிறோம். உயிர்த்த ஆண்டவர் ஏரிக்கரையில் கரி நெருப்பு மூட்டிச் சமைக்கிறார். கவனியுங்கள்: நெருப்பின்மேல் மீன் ஏற்கெனவே இருக்கிறது. ஆனாலும் சீடர்கள் பிடித்த மீனிலும் சிலவற்றைக் கொண்டுவரச் சொல்கிறார். அவரிடம் மீன் குறைவு என்றா கேட்டார்? விருந்தாளியின் கையிலுள்ளதும் அந்தப் பந்தியில் சேர வேண்டும் என்பதற்காகவே என்று நாம் எண்ணுகிறோம். அன்னதானம் போடுவது நமக்கு எளிது. அவர்கள் சமைத்ததை உட்கார்ந்து சாப்பிடுவதுதான் நமக்கு வரவில்லை.

அந்தப் பெண்களிடம் கேட்டோம். துஸ்கா செய்து தருகிறார்களாம். அரிசியும் கடலைப்பருப்பும் ஊறவைத்து அரைத்து எண்ணெயில் பொரிப்பது. நம் அடைக்குத் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அறையில் இருப்பது ஒரே ஒரு மின் அடுப்பு. பெரிய இரும்புச் சட்டி வைத்திருப்பவர்கள் வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குக் கொண்டு வாருங்கள்.