லயத்துக்கும் கிராமத்துக்கும் ஒரே ரோடு
(தியாகி கோவிந்தன் நினைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஹேவாஹெட்டை முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிசார் சுட்டு கோவிந்தன் மாண்டார். கேட்டது 16 சதச் சம்பள உயர்வு. இதை வருடா வருடம் சொல்கிறோம். ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். விசாரணை ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு சிங்களவர்.

இன்று கிராமத்தாரோடு சேர்ந்து ரோட்டுக்கு மனுக் கொடுப்போம் என்றால், "அவங்களோட நமக்கென்ன?" என்கிறார்கள் நம் ஆட்கள். கிராமத்திலும் இதே பேச்சுத்தான்.

இந்தப் பேச்சு காணியால் வந்தது. 1840இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தால், உறுதி காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குரிய காணியாயின. கிராமத்தார் மாடு மேய்த்த மேட்டுநிலம் துரைமாரின் கோப்பித் தோட்டமானது. அங்கே கிராமத்தாரின் கண்ணில் பட்டது துரையல்ல, நாம். நமக்கோ ஒரு பேர்ச் மண்கூடச் சொந்தமில்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டிப் பக்கத்தில் நம் குடும்பங்கள் பல விரட்டப்பட்டன. பட்டினியோடு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. அப்போது நம் கண்ணில் பட்டதும் காணி கிடைத்த கிராமத்தார்தான், பங்கு போட்ட கை அல்ல. சங்கத்துக்குச் சங்கம் சந்தாவுக்கு அடித்துக்கொள்வதும் இதே வியாதிதான். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

1954இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் முசாபர் ஷெரிப் என்ற அறிஞர், பதினொரு வயதுப் பையன்கள் 22 பேரை ஒரு முகாமில் இரண்டு கூட்டமாகப் பிரித்தார். எல்லோரும் ஒரே இனம், ஒரே மதம். பரிசு வைத்துப் போட்டி நடத்தியதும் சில நாளிலேயே ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார். சாப்பாட்டை அள்ளி எறிந்தார்கள். பிறகு முகாமுக்குத் தண்ணீர் வராமல் செய்தார். இரு கூட்டமும் சேர்ந்து அடைப்பைத் தேடவேண்டியிருந்தது. அந்த ஒரு நாளில் பகை போகவில்லை. லொறியைச் சேர்ந்து இழுத்தது, இன்னும் சில வேலைகள் என்று தொடர்ந்த பிறகுதான் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பினார்கள்.

பொங்கலுக்கு அவர்களைக் கூப்பிடுகிறோம், வெசாக் தன்சலுக்கு நாம் போகிறோம். நல்லதுதான், ஆனால் போதாது. 1972இல் கண்டியில் சத்தியோதயத்தைத் தொடங்கிய போல் கெஸ்பர்ஸ் அடிகளாரும், தமிழரையும் சிங்களவரையும் சேர்த்து வைத்துத்தான் வேலை செய்தார்.

நம் கையில் இப்போது இருக்கும் வேலை ரோடு. முன்பு, பிரதேச சபை தோட்டத்துக்குள் செலவு செய்ய 1987ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. கிராமத்து ரோடு லயத்துக்குத் திரும்பும் முடக்கோடு சபையின் வேலை முடிந்துவிடும். 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆகவே இரண்டு பக்கத்து ரோட்டுக்கும் பீலித் தண்ணீருக்கும் ஒரே மனு, ஒரே கையெழுத்துத் தாள். யார் பெயர் முதலில் என்று சண்டை வந்தால் அவர்கள் பெயரையே போடுவோம். குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். பீலியில் காத்து நிற்பது அவர்கள்தானே. தலைவர்மார் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்களைத் தந்துவிடுங்கள்.