ஒரு தொப்பிக்கு ஒரு வேதாகமம்



திருகோணமலையில் ஒருவரிடம் "நீங்கள் என்ன சமயம்?" என்று கேட்டால், பதில் சொல்ல அவர் யோசிப்பதில்லை. கோணேசர் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் விகாரையின் பிரித்தும் மாதா கோயில் பாட்டும் பிறந்த நாள் தொட்டே காதில் விழுகிற ஊர் இது. சமயம் இங்கே பெயரோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. அதனால்தான், எந்தச் சமயமும் இல்லாத வீட்டில் வளர்ந்து, வயது வந்த பின் தானாகத் தேடிக் கிறிஸ்துவிடம் வருகிற ஒருவரை நம் ஊருக்கு விளங்குவதில்லை. "என்ன குடுத்தாங்க?" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், ஞானஸ்நானத்தின் ஈரம் காயுமுன் அவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைத்து, தங்கள் கணக்கில் ஒரு ஆள் கூடியதாகக் கைதட்டுகிறார்கள். இரண்டுமே அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்வெத்லானா அல்லிலுயேவாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாலினின் ஒரே மகள், 1926இல் பிறந்தவர். தகப்பன் இளமையில் திபிலிசி நகரத்து இறையியல் பள்ளியில் படித்தவர். அதே தகப்பனின் ஆட்சியில்தான் தேவாலயங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன, குருமார் சிறைக்கும் கொலைக்களத்துக்கும் போனார்கள். கிரெம்ளின் மதிலுக்குள் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஆறு வயதில் தாய் இல்லாமற் போனார். தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்பது பல ஆண்டுகள் கழித்தே மகளுக்குத் தெரியவந்தது. 1962இல், முப்பத்தாறு வயதில், மாஸ்கோவில் ஒர்தொடொக்ஸ் திருச்சபையில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். குருஷேவ் அரசு மறுபடியும் தேவாலயங்களுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த முடிவால் அவருக்கு வரக்கூடிய லாபம் எதுவும் இல்லை. போகக்கூடியது நிறைய இருந்தது.

இன்னும் ஒன்று. அவர் தன் கணவராகவே எண்ணி வாழ்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் பிரஜேஷ் சிங் 1966இல் மாஸ்கோவில் காலமானார். அவருடைய சாம்பலைக் கங்கையில் கரைப்பதற்காக ஸ்வெத்லானாவே இந்தியாவின் காலாகாங்கர் ஊர் வரைக்கும் கொண்டுவந்தார். நாலு வருஷத்துக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற பெண் அவர்! புதிய விசுவாசம் அந்த அன்புக்குத் தடையாக நிற்கவில்லை. சமயம் மாறிய பிள்ளை தகப்பனின் அந்தியேட்டிக்கு வரலாமா, கூடாதா என்று வாசலில் நின்று சண்டை பிடிக்கிறவர்கள், இரு பக்கத்திலும், இந்தப் பயணத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரான்சில் சமயப் பற்றில்லாத யூதக் குடும்பத்தில் வளர்ந்த சிமோன் வெய்லின் கதை வேறு. 1938ஆம் ஆண்டுப் பெரிய வாரத்தில், கடுந் தலைவலியோடு சொலெம் மடத்துத் திருவழிபாடுகளில் அமர்ந்திருந்தவர் கிறிஸ்துவின் பாடுகளை அங்கே நெஞ்சில் உணர்ந்தார். ஆனாலும் திருச்சபைக்குள் நுழையாமல் ஆண்டுக்கணக்காக வாசலிலேயே நின்றார். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

இனி நம் மூதூருக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் புயலடித்துப் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புது மரம் வெட்டுவதற்காக மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. 1660 ஏப்ரலில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய பத்தொன்பது வயது மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த ஆண்டு பெப்ரவரியில் தகப்பன் காய்ச்சலில் இறந்தார். மகனே குழி தோண்டிப் புதைத்தார். நொக்ஸ் சமயமில்லாமல் வளர்ந்தவர் அல்ல. பக்தியுள்ள தாயின் பிள்ளை. ஆனால் தேவாலயமோ குருவோ சபையோ எதுவும் இல்லாத இடத்தில், தாய் தந்த விசுவாசத்தை அவர் முதலிலிருந்து தேட வேண்டியிருந்தது. கையில் இருந்தவை இரண்டு பக்தி நூல்கள். திரும்பத் திரும்பப் படித்ததில் அவை ஏறக்குறைய மனப்பாடமே ஆகிவிட்டன.

ஒரு நாள் சிற்றோடையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வழியில் போன கிழவர் ஒருவரிடம் ஒரு புத்தகம் இருந்தது. போர்த்துக்கேயர் கொழும்பை இழந்தபோது அவர் கைக்கு வந்தது. உங்கள் எஜமானுக்கு வாசிக்கத் தெரியுமா, வாங்குவாரா என்று நொக்ஸின் வேலைக்காரப் பையனிடம் விசாரித்தார். நொக்ஸ் பிரித்துப் பார்த்தால் ஆங்கில வேதாகமம்! திறந்த பக்கம் அப்போஸ்தலர் பதினாறாம் அதிகாரம். இரட்சிப்படைய என்ன செய்யவேண்டும் என்று சிறைக்காவலன் கைதியான பவுலிடம் கேட்கும் இடம். அதை வாசித்தவரும் ஒரு கைதி. சந்தோஷத்தோடு பயமும் வந்தது: விலை கட்டுப்படியாகாவிட்டால்? கையில் இருந்த ஒரே பொன் வராகனையும் கொடுக்கத் துணிந்தார். பையன்தான் கெட்டிக்காரன், அவசரப்படாமல் இருக்கச் சொன்னான். கடைசியில் நொக்ஸ் பிழைப்புக்காகப் பின்னி விற்றுவந்த தொப்பிகளில் ஒன்றுக்கு வேதாகமம் கைமாறியது.

1679இல் தப்பி ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்த அவர், 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலில் இதை ஒளிக்காமல் எழுதினார். மூதூரில் 1893இல் நாட்டிய நினைவுக்கல்லோ அவர் பிடிபட்டதையும் பத்தொன்பது ஆண்டுச் சிறையையும் மட்டும்தான் சொல்கிறது.

கிறிஸ்தவம் நம் கரைக்கு வந்த கதை முழுவதும் இப்படி இல்லை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டினார்கள். இன்றைய பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் அதற்குச் சாட்சி. ஒல்லாந்தர் ஆட்சியில் உத்தியோகம் வேண்டுமென்றால் ஞானஸ்நானம் வேண்டும். பிரித்தானியர் வந்து அந்த நிர்ப்பந்தம் போனதும், பெயருக்குச் சேர்ந்திருந்தவர்கள் கூட்டங்கூட்டமாகப் பழைய கோயில்களுக்கே திரும்பினார்கள். "என்ன குடுத்தாங்க?" என்ற சந்தேகத்துக்கு இந்த வரலாற்றில் வேர் இருக்கிறது. அந்தச் சந்தேகத்தைத் தானாகத் தேடி வந்தவர் தலையில் சுமத்துவதுதான் பிழை.

1978 அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை, தான் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் மேற்கொள்ளவும் ஒவ்வொரு ஆளுக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. சட்டம் அந்த உரிமையைக் குடும்பத்துக்கோ ஊருக்கோ சபைக்கோ கொடுக்கவில்லை, ஆளுக்குத்தான் கொடுத்திருக்கிறது.

ஆகவே இரு தரப்பாரிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி ஒரு வழியைத் தேடிக்கொண்டால், பொங்கலுக்கும் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் வழமைபோல் கூப்பிடுங்கள். திருச்சபையில் இருக்கிறவர்களே, அவர் தானாகப் பேச முன்வரும் வரை ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். சமயமில்லாமல் வளர்ந்தவருக்குச் செபமாலை பிடிக்கத் தெரியாது. பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தெரியாது. எப்போது முழந்தாளிடுவது, எப்போது எழும்புவது என்றும் தெரியாது. பக்கத்தில் நின்று பக்கத்தைக் காட்டிவிடுங்கள். அவர் கேட்கும் கேள்வி சங்கடமானதாக இருந்தாலும் கேட்கவிடுங்கள்.