எழுத மறுத்த இதழ்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கீற்றுக் கொட்டகையில், ஒரே ஒரு குண்டு பல்பின் வெளிச்சத்தில் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் சங்கம் இன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து நிமிர்ந்து நிற்கின்றது. கல்வியால் உயர்ந்தோரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். பட்டம் பெற்றோர், ஆசிரியரானோர், அரசுப் பணியில் அமர்ந்தோர் ஆகியோரின் பட்டியல் மலரில் அச்சாகின்றது. அதைக் காணும்போது நெஞ்சு குளிர்கின்றது. ஆயினும் நான் இன்று பேச விரும்புவது அந்தப் பட்டியலில் இல்லாத ஒருவனைப் பற்றி. அவன் எந்தப் பட்டமும் பெறவில்லை. எந்தப் பதவியிலும் அமரவில்லை. பதினேழு வயதில் மறைந்து போனான். அவன் பெயரைத் தலைவர் அவர்கள் தம் முன்னுரையிலேயே கூறிவிட்டார்கள். நான் அவனை நண்பன் என்றே குறிப்பிடுகின்றேன். இத்தனை ஆண்டுகளாக என் மனம் அவனை அப்படித்தான் அழைத்து வருகின்றது.

1966ஆம் ஆண்டு நாங்கள் இருவரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தோம். பின்னாளில் ஆதிதிராவிடர் நல விடுதி எனப்பட்டது அந்நாளில் அரிசன நல விடுதி எனப்பட்டது. ஆளுக்கொரு தகரப் பெட்டி, ஒரு தட்டு, ஒரு கோரைப்பாய். இவையே எங்கள் உடைமைகள். என் நண்பனின் பெட்டியில் மட்டும் வேறு சில பொருள்களும் இருக்கும். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியில் படிந்த கரியைச் சுரண்டி, கருவேலம் பிசினில் குழைத்து அவன் மை செய்வான். துணிக்குப் போடும் நீலம் அவனுக்கு வானமாகும். மஞ்சள்தூள் வயலாகும். அதே மஞ்சளில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தால் சிவப்பாகும். அது அவனுக்கு அந்தி வேளை. வண்ணப் பெட்டி வாங்கப் பணம் இல்லையே என்று அவன் ஒருநாளும் வருந்தி நான் கண்டதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் விடுதிக்கென ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினான். பழைய தேர்வுத் தாள்களின் பின்பக்கமே காகிதம். சோற்றுக் கஞ்சியே பசை. கதை, விடுகதை, உலகச் செய்தி, விடுதிச் செய்தி, படங்கள் ஆகிய யாவும் அவன் பொறுப்பு. அவன் கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். என் கையெழுத்தோ நன்றாக இருக்கும். ஆதலால் படியெடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். மாதம் ஓர் இதழ். ஒரே ஒரு படிதான். அது கைக்குக் கை மாறி, ஓரம் கிழிந்து, மாதக் கடைசியில் விடுதி அலமாரிக்குத் திரும்பி வரும். சமையற்காரரும் படிக்கச் சொல்லிக் கேட்பார். எங்கள் பிள்ளைகள் எழுதியதை எங்கள் பிள்ளைகளே வரிசையில் நின்று வாங்கிப் படித்ததை முதன்முதலில் அங்கேதான் கண்டேன்.

பெருமக்களே! இனி நான் கூறப்போவது எனக்குப் பெருமை தரும் செய்தி அன்று.

பதினோராம் வகுப்பில், 1972ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அவன் ஓர் இதழின் அட்டையில் பறையை வரைந்தான். உள்ளே தன் தந்தையைப் பற்றி ஒரு கட்டுரை. வட்டமான மரச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டுவது எவ்வாறு, வைக்கோல் தீயில் காட்டி அதற்கு விறைப்பேற்றுவது எவ்வாறு, ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சியும் மறு கையில் தடித்த குட்டைக் குச்சியும் எவ்வாறு வேலையைப் பங்கிட்டுக் கொள்கின்றன என்றெல்லாம் விரித்துச் சொன்னான். எழுதிக்கொண்டே வந்தவன் பேனாவை வைத்துவிட்டேன். "இதை நான் எழுதமாட்டேன், என் கையெழுத்தில் இது வெளிவரக் கூடாது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் தந்தையும் பறையடித்தவர். ஊரில் யார் இறந்தாலும் ஆள் வரும். அவர் போயாக வேண்டும். காய்ச்சல் என்றாலும் போயாக வேண்டும். அதிலிருந்து தப்பி ஓடுவதற்கே நான் படித்தேன். மற்ற மாணவர்கள் முன் அந்தப் படத்தை என் பெயரோடு வைக்க எனக்கு நாணமாக இருந்தது.

அவன் என்னிடம் சினம் கொள்ளவில்லை. எங்கள் தமிழாசிரியர் அந்த ஆண்டு சொல்லித்தந்த ஒன்றை நினைவூட்டினான். தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகின்றார். "அவர் எண்ணியதை நாம் ஏன் மறைக்க வேண்டும்?" என்று கேட்டான். "உனக்குத் தெரியாதா ஊர் நிலைமை?" என்றேன். "தெரியும், அதையும் எழுதத்தான் போகிறேன்" என்றான். நான் எழுந்து போய்விட்டேன். அந்த இதழை அவனே தன் கோழிக் கிறுக்கலில் எழுதி முடித்தான். படிக்கக் கொடுத்தபோது நான் வாங்கவில்லை.

தேர்வு முடிந்தது. சென்னை ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவன் கனவு. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. மெரீனா கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நால்வரின் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல்வராக இருந்தவர். பள்ளிச் சுற்றுலாவில் உழைப்பாளர் சிலையைக் கண்டபோது அதன் முன்னிருந்து நகர மறுத்தவன் என் நண்பன். உழைக்கும் மனிதனுக்கும் சிலை வைப்பார்கள் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

சென்னை செல்லச் செலவுக்குப் பணம் வேண்டிக் கோடையில் கிணறு வெட்டும் வேலைக்குப் போனான். கடப்பாரை காலில் பாய்ந்தது. புண்ணில் மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குச் சென்றான். ஒரு வாரம் கழித்து வாய் திறக்க முடியவில்லை. மாட்டுவண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். இசிவு நோய் என்றார்கள். மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி புண் வழியே புகுந்து நரம்புகளைப் பற்றுவதால் வருவது அது. வெளிச்சமும் ஓசையும் இசிவைத் தூண்டும் என்பதால் அவனை இருட்டறையில் கிடத்தியிருந்தார்கள். நான் பார்க்கச் சென்றபோது வாசலோடு நிறுத்தப்பட்டேன். மூன்றாம் நாள் அவன் இறந்தான். தடுக்கும் ஊசி மருந்து அந்நாளிலேயே இருந்தது. அது இருப்பதை எங்கள் சேரியில் எவரும் அறிந்திருக்கவில்லை. மாணவச் செல்வங்களே, காலில் ஆணி தைத்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இதை ஓர் ஆசிரியனாகச் சொல்லவில்லை. அந்த வாசலில் நின்றவனாகச் சொல்கின்றேன்.

தேர்வு முடிவு நாளிதழில் எண்களாக வந்தது. என் எண் இருந்தது. அவன் எண்ணும் இருந்தது.

பின்னர் நான் ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பணியில் சேர்ந்தேன். விடுதி வேறு கட்டடத்திற்கு மாறியபோது அலமாரியில் இருந்த கையெழுத்து இதழ்கள் யாவும் பழைய காகிதத்தோடு எடைக்குப் போய்விட்டன. என் அழகிய கையெழுத்தில் இருந்தவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவன் முகத்தைக் காட்டும் புகைப்படமும் இல்லை. எல்லாம் போயிற்று என்றே எண்ணியிருந்தேன்.

இந்த ஆண்டு மலர்ப் பணிக்காக வீடு வீடாகச் சென்றபோது அவன் தமக்கையார் ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார்கள். குடும்ப அட்டையோடும் மனைப் பட்டாவோடும் ஒரு துணியில் சுற்றி அந்தப் பறை இதழ் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவன் தாயார், தம் மகன் எழுதியது என்ற ஒன்றை மட்டும் அறிந்து, சாகும்வரை காத்து வைத்திருந்தார்கள். நான் எழுத மறுத்த இதழே எஞ்சியிருக்கின்றது.

அன்று வாங்க மறுத்ததை இத்தனை ஆண்டுகள் கழித்துப் படித்தேன். பறையடிக்க எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. அழைத்தால் வரமாட்டேன் என்று சொல்லும் உரிமை தன் தந்தைக்கு வேண்டும் என்று அவன் எழுதியிருந்தான். ஆனால் அந்தக் கைகளின் திறமைக்காக அவர் வெட்கப்படத் தேவையில்லை என்றும் எழுதியிருந்தான். கட்டாய வேலையை மறுத்துப் பின்னாளில் எத்தனையோ ஊர்களில் நம் மக்கள் பறையைக் கீழே வைத்தார்கள். அது உரிமைப் போர். இன்று நம் பிள்ளைகள், பெண்கள் உட்பட, தாமே விரும்பி அதை மேடையில் முழக்குகின்றார்கள், அதுவும் உரிமையே. இவ்விரண்டையும் பதினேழு வயதுச் சிறுவன் ஒரே கட்டுரையில் கண்டிருக்கின்றான். முதல் பக்கத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. எழுத்து என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். நான் மனம் மாறுவேன் என்று காத்திருந்தான் போலும்.

அன்பர்களே! நம் சமுதாயத்தில் எழுதியவர்கள் இல்லாமல் இல்லை. 1893ஆம் ஆண்டிலேயே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரையே தாங்கி இதழ் நடத்தினார். 1907ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். பண்டிதர் 1914ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வெளிவந்ததோ 1999ஆம் ஆண்டில்தான். பற்றாளர் சிலர் பழைய இதழ்களைத் தம் இல்லங்களில் காத்து வைத்திராவிட்டால் அதுவும் நிகழ்ந்திராது. எழுதுவது பாதி வேலை, காப்பது மறுபாதி. அந்த மறுபாதியைச் செய்தவர் படிக்கத் தெரியாத ஒரு தாய். செய்யாதவன் படித்த நான்.

ஆகவே சங்கத்தாரிடம் இரு வேண்டுகோள்கள். நம் மாணவர் எழுதுவன, வரைவன அனைத்திலும் ஒரு படியை வைத்துக் காக்க இந்தக் கட்டடத்தில் ஓர் இரும்பு அலமாரி வேண்டும். அதற்கான தொகையை என் ஓய்வூதியத்திலிருந்து இன்றே அளிக்கின்றேன். அடுத்து, மலரின் பட்டியலில் உயர்ந்தோர் பெயர்களோடு, உயர்வதற்கு முன்பே மறைந்தோர் பெயர்களும் இடம்பெற வேண்டும். இங்கு ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு பெயர் இருக்கும்.

மூல இதழைத் தமக்கையாரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது அவர்கள் வீட்டுச் சொத்து. அதைப் பார்த்து முழுவதும் என் கையால் படியெடுத்துக் கொண்டு வந்திருக்கின்றேன். கை நடுங்குவதால் எழுத்து முன்போல் இல்லை. வெறுமையாக இருந்த இடத்தில் மட்டும் என் பெயரை எழுதவில்லை. அதை அவனே எழுதியிருக்க வேண்டும். இந்தப் படியை அலமாரியின் முதல் உடைமையாக ஏற்றுக்கொள்ளுமாறு தலைவர் அவர்களைப் பணிவுடன் வேண்டி விடைபெறுகின்றேன்.